டஸ்கி கடலோரக் குருவி: துணை தேடுவதில் நேர்ந்த பிழை பற்றிய நிகழ்வு ஆய்வு

அழியப்போகும் ஒரு பறவைக் கூட்டத்தில் மிஞ்சியவை எல்லாம் ஆண்கள். பெண் ஒன்றுகூட இல்லை. அந்தப் பரம்பரையில் கொஞ்சமாவது காப்பாற்ற வேண்டுமானால் நெருங்கிய உறவுள்ள வேறொரு கூட்டத்திலிருந்து பெண் பறவையைக் கொண்டுவர வேண்டும். எது நெருங்கிய உறவு? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது வகைப்பாட்டியல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1980களில் இந்தக் கேள்வி எழுந்தது. அன்றைய வகைப்பாடு சொன்ன பதில் தவறு என்று தெரியவந்தபோது கடைசிப் பறவை இறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த மீட்பு முயற்சியில் வனவிலங்கு அதிகாரிகள், களப் பறவையியலாளர்கள், வளர்ப்புப் பணியாளர்கள், மரபியலாளர்கள் எனப் பலர் ஈடுபட்டார்கள். தனிநபர் யாரையும் இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எந்த நேரத்தில் எந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுத்தார்கள் என்பதே இங்கே முக்கியம்.

பின்னணி: பறவையும் அதன் சதுப்பும்

கடலோரக் குருவி என்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் உவர்ச் சதுப்புப் புல்வெளிகளில் மட்டும் வாழும் சிறு பறவை. நம் வீட்டுச் சிட்டுக்குருவியோடு இதற்கு நெருங்கிய உறவு கிடையாது. பார்வைக்கு ஒத்திருப்பதால் ஐரோப்பியக் குடியேறிகள் அதையும் குருவி என்றார்கள். இது வேறு குடும்பம்.

இந்தக் குருவி கரை நெடுகிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் முதுகு சாம்பலும் ஆலிவும் கலந்த மங்கல் நிறம். புளோரிடாவின் கிழக்குக் கரையில், மெரிட் தீவிலும் அதற்கு மேற்கே செயின்ட் ஜான்ஸ் ஆற்றுச் சதுப்பிலும் மட்டும், முதுகு ஏறக்குறைய கருப்பாகவும் வெள்ளை வயிற்றில் அழுத்தமான கருங்கோடுகளோடும் ஒரு கூட்டம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு மஞ்சள் திட்டு, இறக்கை வளைவில் இன்னொன்று. இதுதான் டஸ்கி கடலோரக் குருவி. இது வலசை போகாது. பிறந்த சதுப்பைவிட்டு அதிக தூரம் நகராது. வட அமெரிக்கப் பறவைகளிலேயே மிகச் சிறிய வாழ்பரப்பு கொண்டவற்றுள் இதுவும் ஒன்று. ஒரே மாவட்டத்துக்குள் அதன் உலகம் முடிந்துவிட்டது.

1872இல் ஓர் இயற்கை ஆர்வலர் இதைக் கண்டார். அடுத்த ஆண்டே கருநிறத்தைக் குறிக்கும் 'நைக்ரெசென்ஸ்' என்ற லத்தீன் பெயர் கிடைத்தது. முதலில் கடலோரக் குருவியின் ஒரு வகையாக எழுதினார்கள், பிறகு தனிச் சிற்றினமாக உயர்த்தினார்கள்.

வகைப்பாட்டில் அதன் இடம்

பள்ளியில் படித்த வரிசை எல்லோருக்கும் நினைவிருக்கும்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். விலங்குகளுக்கு இன்று நாம் பயன்படுத்தும் இருசொல் பெயர்முறை, லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து தொடங்குகிறது. சிற்றினத்துக்கும் கீழே ஒரு படி உண்டு. அது துணைச் சிற்றினம். அங்கே பெயர் மூன்று சொல்லாக வரும்.

மேல்படிகளில் பெரிய சண்டை கிடையாது. டஸ்கி ஒரு பறவை என்பதிலோ, அது மரக்கிளையைப் பற்றி அமரும் பறவைகளின் வரிசையில் வருகிறது என்பதிலோ யாருக்கும் ஐயம் வந்ததில்லை. சிக்கல் எல்லாம் கடைசி இரண்டு படிகளில். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் வலியுறுத்திய வரையறைப்படி, இயற்கையில் தங்களுக்குள் இனம்பெருக்கிக்கொண்டு மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் இருப்பது ஒரு சிற்றினம். இரண்டு கூட்டங்கள் ஒரே இடத்தில் வாழ்ந்தால் இதைச் சோதிக்கலாம். டஸ்கியோ தன் சதுப்பைவிட்டு வெளியே வரவில்லை. அக்கம்பக்கத்துக் கூட்டங்களோடு அது சந்திக்கவே வாய்ப்பில்லை. கலக்குமா கலக்காதா என்பதை இயற்கையில் பார்க்க வழியில்லாதபோது வகைப்பாட்டாளர் ஊகம்தான் செய்ய முடியும்.

துணைச் சிற்றினத்துக்கான அளவுகோல் இன்னும் தளர்வானது. ஒரு பகுதிப் பறவைகளில் 75 விழுக்காட்டையாவது மற்றப் பகுதிப் பறவைகளிடமிருந்து பிரித்தறிய முடிந்தால் போதும் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பலர் பின்பற்றிய விதி. எதை வைத்துப் பிரித்தறிவது? அருங்காட்சியக இழுப்பறைகளில் வரிசையாக மல்லாத்தி வைத்த பாடம்செய்த பறவைகளின் இறகு நிறம், அலகு நீளம், இறக்கை அளவு. இந்த முறையில் கடலோரக் குருவிகளை ஒன்பது வாக்கில் பெயரிட்ட கூட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். பெரும்பாலானவை துணைச் சிற்றினங்கள். அவற்றுள் டஸ்கியும், தெற்குப் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புப் பகுதியில் 1918இல் கண்டறியப்பட்ட கேப் சேபிள் குருவியும் மட்டும் தனிச் சிற்றினங்கள் என்ற தகுதியோடு இருந்தன.

இந்தப் பட்டியலில் தெரியாத ஒன்று உண்டு. ஒன்பது பெயர்களும் ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றுள் எது எதற்கு அக்கா தங்கை, எது தூரத்து உறவு என்று பட்டியல் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு கிளைமரம் வேண்டும். அப்போது கடலோரக் குருவிக்கு அப்படி ஒன்று வரையப்படவில்லை.

கவனிக்கப்பட்டவை

1940களில் மெரிட் தீவில் கொசுவை ஒழிக்க டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்தார்கள். குருவிகளின் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது. 1950களின் நடுவிலிருந்து வேறு வழி கையாண்டார்கள். உவர்ச் சதுப்புக் கொசு தேங்கிய நீரில் முட்டையிடாது. ஈரச் சேற்றின் மேல் இடும், பிறகு நீர் ஏறும்போது அவை பொரியும். எனவே சதுப்பைச் சுற்றிக் கரை எழுப்பி ஆண்டு முழுக்க நீரைத் தேக்கிவிட்டால் கொசுவுக்கு முட்டையிட இடமே இருக்காது. கொசுவைப் பொறுத்தவரை இது நல்ல யோசனை. ஆனால் டஸ்கிக்குத் தேவையும் அதே ஈரச் சேறும் அதில் வளரும் ஸ்பார்ட்டினா புல்லும்தான். நீர் தேங்கியதும் புல் செத்தது. பக்கத்திலேயே விண்வெளி மையம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. கொசுவை ஒழிக்க வேண்டும் என்ற அழுத்தம் பெரிது. 1963இல் அந்த நிலம் வனவிலங்குப் புகலிடமாகவும் அறிவிக்கப்பட்டது, ஆனால் தேக்கிய நீர் தேக்கியபடியே இருந்தது.

செயின்ட் ஜான்ஸ் ஆற்றுப் பக்கம் 1968 கணக்கெடுப்பில் சுமார் 900 ஆண் குருவிகள் பாடிக்கொண்டிருந்ததாக மதிப்பிட்டார்கள். இந்தக் குருவியைப் பாட்டை வைத்துத்தான் எண்ண முடியும். பெண் புல்லுக்குள்ளேயே ஓடி ஒளியும். அங்கேயும் நெடுஞ்சாலை வந்தது, மேய்ச்சலுக்கும் வீட்டு மனைக்கும் சதுப்பை வடித்தார்கள், வடிந்த புல்வெளியில் மறுபடி மறுபடி தீப்பிடித்தது. 1970களில் அரசு நிலம் வாங்கிப் புகலிடம் அமைத்தது. தீ நிற்கவில்லை. 1975இல் ஒரு பெண் டஸ்கியைப் பார்த்ததுதான் கடைசி. இந்தத் தகவலின் கனம் அப்போது முழுதாக உறைத்ததாகத் தெரியவில்லை. பெண் பறவை கண்ணில் படுவதே அரிது என்பதால், பார்க்கவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. எண்ணிக்கைகளில் பாடும் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கூட்டத்தின் அளவு என்று நினைப்பது எளிது.

1973: தகுதி இறங்கியது

1967இல் அமெரிக்க அரசு வெளியிட்ட முதல் அழிநிலைப் பட்டியலில் டஸ்கியின் பெயர் இருந்தது. அப்போது அது தனிச் சிற்றினம். 1973இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கத்தின் பெயர்க்குழு டஸ்கியையும் கேப் சேபிள் குருவியையும் கடலோரக் குருவி என்ற ஒரே சிற்றினத்துக்குள் சேர்த்தது. நிற வேறுபாடு பெரிதுதான், ஆனாலும் உடலமைப்பிலும் வாழ்முறையிலும் மற்றவற்றிலிருந்து விலகல் அவ்வளவு இல்லை என்பதே பொதுவான கருத்து.

சட்டப்படி இதனால் பாதுகாப்பு போகவில்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த அழிநிலை உயிரினச் சட்டம் துணைச் சிற்றினங்களையும் காக்கிறது. ஆனால் பணமும் கவனமும் பங்கிடப்படும்போது, அழிவது ஒரு சிற்றினமா, பரவலாக வாழும் ஒரு சிற்றினத்தின் ஒரு கிளையா என்பது காதில் விழும் விதமே வேறு. அந்தத் தரவிறக்கம் அறிவியல்படி சரியென்றே நினைக்கிறேன். அதைத் தொடர்ந்து எழுந்திருக்க வேண்டிய கேள்வி மட்டும் எழவில்லை. தனிச் சிற்றினம் இல்லை, சரி. அப்படியானால் மற்ற எட்டில் எதோடு இது சேர்ந்தது?

முதல் முடிவு: பிடித்து வைப்பது

1979, 1980 ஆண்டுகளில் மீதமிருந்த பறவைகளைத் தேடிப் பிடித்தார்கள். விரல்விட்டு எண்ணும் அளவே கிடைத்தன, எல்லாம் ஆண். காட்டில் விட்டுவைத்தால் ஓரிரு ஆண்டுகளில் செத்துவிடும் என்பதால் பிடித்தது நியாயமான முடிவு. தாமதம்தான் குறை. பெண்கள் இருந்த காலத்தில் வளர்ப்புக் கூட்டம் ஒன்று தொடங்கியிருந்தால் அடுத்து வரும் சிக்கல் எதுவும் வந்திருக்காது. இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், சரியான விமர்சனம். ஆனாலும் ஓர் உயிரினம் காட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அதைப் பிடித்துக் கூண்டில் போட எந்த அதிகாரிக்கும் துணிவு வருவது கடினம். வாழிடத்தைச் சரிசெய்யத்தான் முதலில் முயல்வார்கள்.

பிடித்த பறவைகளை அடையாளம் காணக் காலில் நிற வளையம் மாட்டினார்கள். ஆரஞ்சு வளையம், வெள்ளை வளையம் என்று அந்த நிறமே அவற்றின் பெயராகிவிட்டது. 1983இல் உயிரோடு இருந்த நான்கும் புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் உள்ள டிஸ்கவரி தீவின் கூண்டுகளுக்குப் போயின.

இரண்டாம் முடிவு: எந்தப் பெண்

பின்கலப்பு என்ற முறையைப் பரிந்துரைத்தார்கள். டஸ்கி ஆணை வேறொரு துணைச் சிற்றினத்தின் பெண்ணோடு சேர்த்தால் குஞ்சில் பாதி டஸ்கி. அந்தக் குஞ்சுகளில் பெண் வளர்ந்ததும் மறுபடி டஸ்கி ஆணோடு சேர்த்தால் முக்கால். அடுத்த தலைமுறையில் 87.5 விழுக்காடு. போகப்போகத் தூய டஸ்கிக்கு நெருங்கிவிடலாம்.

பெண்ணாகத் தேர்ந்தெடுத்தது ஸ்காட் கடலோரக் குருவியை. புளோரிடாவின் மேற்குக் கரையில், அதாவது மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வாழ்வது. காரணம் புரியக்கூடியதே. ஸ்காட் குருவியும் சற்றுக் கருமையானது. பார்வைக்கு டஸ்கியோடு ஒத்துப்போனது. அதே மாநிலத்தில் எளிதில் கிடைத்தது. சிற்றினத்துக்குள் எல்லாம் ஒன்று என்று பெயர்க்குழுவும் சொல்லிவிட்டது. வகைப்பாட்டை இறகு நிறத்தின் மேல் கட்டியிருந்ததால், துணை தேடுவதும் இறகு நிறத்தின் வழியே போனது.

அட்லாண்டிக் பக்கத்துக் கடலோரக் குருவிகளும் புளோரிடாவின் வடகிழக்கு மூலையில் இருந்தன. அவையும் சில மணி நேரப் பயணத் தூரம்தான். நிறம் வெளுப்பு. அவற்றை எடுக்கவில்லை.

இந்த நேரத்தில் நிர்வாகத் தரப்பிலிருந்து இன்னொரு தடை. அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவை, கலப்புக் குஞ்சுகள் பட்டியலில் உள்ள உயிரினம் அல்ல என்ற சட்ட விளக்கத்தை வைத்துக்கொண்டு கலப்புத் திட்டத்தை ஏற்கத் தயங்கியது. மரபுத் தூய்மையை அளவுகோலாக வைத்தால் கடைசி ஆண் இறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆண்டுகள் வீணாயின. கடைசியில் தனியார் ஆதரவோடு திட்டம் நடந்தது. அதற்குள் ஆண்களுக்கு வயதாகிவிட்டது.

குஞ்சுகள் பிறந்தன, பின்கலப்பும் நடந்தது. ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதி, முக்கால், 87.5 என்ற கணக்கு உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபுப்பொருளுக்குத்தான் பொருந்தும். மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. நம் ஊரில் இனிஷியல் அப்பா வழியாக வருவதுபோல, அது தாய் வழியாக மட்டும் வரும். டஸ்கியில் பெண்ணே இல்லை. எத்தனை தலைமுறை பின்கலப்பு செய்தாலும் குஞ்சுகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுக்க முழுக்க ஸ்காட்டுடையது. பறவைகளில் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என்ற இரு பால் குரோமோசோம்கள் உண்டு. அந்த டபிள்யூவும் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போவது. அதுவும் ஒருநாளும் டஸ்கியுடையதாக ஆகாது. எனவே எந்தப் பெண்ணை எடுக்கிறோம் என்பது முதல் தலைமுறையோடு கரைந்துபோகும் தற்காலிகச் சமரசம் அல்ல. அது நிரந்தரமாகத் தங்கும்.

தொடர்ந்து நடந்தது

1987 ஜூன் 17 அன்று ஆரஞ்சு வளையக் குருவி கூண்டில் இறந்து கிடந்தது. ஒரு கண்ணில் பார்வை போன முதிய பறவை. தூய டஸ்கி அதோடு முடிந்தது. கலப்புப் பறவைகளும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இல்லாமல் போயின. 1990 டிசம்பரில் டஸ்கியை அழிந்ததாக அறிவித்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

கடைசிப் பறவையின் திசு ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கிருந்த மரபியலாளர்கள் நியூயார்க்கிலிருந்து டெக்சாஸ்வரை இரு கரைகளிலும் சேகரித்த சுமார் 40 கடலோரக் குருவிகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வோடு அதை ஒப்பிட்டார்கள். அன்றைய முறை எளிமையானது. குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் உண்டு. ஒவ்வொரு பறவையின் டி.என்.ஏ.வையும் அப்படிப் பல நொதிகளால் வெட்டி, துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டால் நீளவாரியாகப் பட்டைகள் விழும். பட்டைகள் ஒத்துப்போனால் உறவு நெருக்கம். மாறினால் இடையில் எத்தனை மாற்றங்கள் நடந்திருக்கும் என்று எண்ணி மரம் வரையலாம்.

1989இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. மரத்தில் இரண்டே பெருங்கிளைகள்: அட்லாண்டிக் கரைப் பறவைகள் ஒன்று, வளைகுடாக் கரைப் பறவைகள் இன்னொன்று. அவை பிரிந்து சுமார் 2,50,000 முதல் 5,00,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். டஸ்கி அட்லாண்டிக் கிளைக்குள் இருந்தது. அந்தக் கிளையின் மற்றப் பறவைகளிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டக்கூட முடியவில்லை. ஸ்காட் வளைகுடாக் கிளையில். தோற்றத்தில் நெருக்கமாகத் தெரிந்த துணை, உறவில் மிகத் தூரமானது. வெளுப்பாக இருப்பதால் ஒதுக்கப்பட்ட வடகிழக்குப் பறவைகள்தான் நெருங்கிய உறவு.

கருநிறம் எப்படி ஏமாற்றியது? சதுப்புச் சேற்றின் நிறத்துக்கு ஏற்ப முதுகு கருப்பது குறுகிய காலத்தில் நடக்கக்கூடிய மாற்றம். இரு வேறு கிளைகளில் தனித்தனியாகவும் நடக்கலாம். புளோரிடா தீபகற்பமோ லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடுவில் நிற்கிறது. அதன் தென்முனையில் அலையாத்திக் காடுதான், உவர்ச் சதுப்புப் புல் அரிது. இந்தப் பிளவு குருவிக்கு மட்டும் உரியதும் அல்ல. குதிரைலாட நண்டு, உண்ணும் சிப்பி, உவர்நீர் ஆமை ஆகியவற்றிலும் அட்லாண்டிக், வளைகுடா என்று இரண்டாகப் பிரியும் தடம் கிடைத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத உயிரினங்கள் ஒரே இடத்தில் பிரிகின்றன என்றால் அது நிலத்தின் வரலாறு. நிறத்தைவிட நம்பத்தகுந்த சாட்சி.

முடிவை எப்படிப் படிப்பது

இந்த ஆய்வு வந்ததும் சிலர், 'அப்படியானால் டஸ்கி என்று தனியாக ஒன்றுமே இல்லை, இழப்பும் இல்லை' என்ற முடிவுக்குப் போனார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. மைட்டோகாண்ட்ரியா மொத்த மரபுப்பொருளில் ஒரு துளி. தாய்வழி வரலாற்றை மட்டும் சொல்வது. டஸ்கிக்கு நிறத்தைத் தந்த மரபணுக்கள் உட்கருவில் இருந்தவை. அவற்றை அந்த ஆய்வு தொடவில்லை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கூட்டம் மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்றுபோலவே தெரியும். ஆனாலும் தன் சதுப்புக்கேற்ற உடலும் பாட்டும் அதற்கு உருவாகியிருக்கலாம். ஆராய்ந்த டஸ்கி மாதிரியும் மிகக் குறைவு. 1990களில் வந்த மறு ஆய்வு இரு கிளைப் பிளவை உறுதிசெய்தது. ஆனால் இரு கரைகளுக்கு இடையே ஆழமான பிளவு உண்டு என்பது, ஒரு கரைக்குள் வேறுபாடு எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அன்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இதே மைட்டோகாண்ட்ரியா முறையில், இதே ஜார்ஜியா, புளோரிடா வட்டாரத்தில், வளை தோண்டும் பாக்கெட் கோஃபர் என்ற கொறிவிலங்கின் கிழக்கு மேற்குப் பிளவைக் கண்டறிந்த ஆய்வு 1979இலேயே வெளியாகிவிட்டது. கடைசிக் குருவிகளைப் பிடிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். முறை புதிது, செலவும் உழைப்பும் அதிகம், புதிய திசு வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஸ்காட்டையும் வடகிழக்குப் பறவைகளையும் ஒப்பிட டஸ்கியைத் தொட வேண்டியதில்லை; அவை ஏராளமாக இருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பிளவு இருப்பது தெரிந்திருந்தால், கிழக்குக் கரைப் பறவைக்குக் கிழக்குக் கரையிலேயே துணை தேட வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். வனவிலங்கு அலுவலகமும் மரபியல் ஆய்வுக்கூடமும் அன்று ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

சரி, சரியான பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால் டஸ்கி பிழைத்திருக்குமா? கூண்டுக்குள் ஒரு கூட்டம் உருவாகியிருக்கலாம். விடுவதற்குச் சதுப்பு வேண்டுமே. வகைப்பாட்டுப் பிழை மீட்பு முயற்சியின் பயனைக் குறைத்தது. பறவையை அழித்தது நீர்த்தேக்கமும் வடிகாலும் தீயும்தான்.

பிறகு மாறியவை

கலப்புக் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற சட்ட விளக்கத்தை 1990 டிசம்பரில் விலக்கிக்கொண்டார்கள். 1995இல் புளோரிடாவில் நெருங்கிய உறவினருக்குள்ளேயே இனம்பெருக்கி நலிந்துபோன, புளோரிடா சிறுத்தை எனப்படும் பூமாக் கூட்டத்தில் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டார்கள். முன்பு அந்த இரு கூட்டங்களும் தொடர்போடு வாழ்ந்தவை என்ற ஆதாரம் கையில் இருந்தது. கூட்டம் தேறியது. கேப் சேபிள் குருவி இன்றும் எவர்கிளேட்ஸில் துணைச் சிற்றினமாகவே பாதுகாப்பில் இருக்கிறது. மேலே ஒரு படியிலும் மாற்றம்: கடலோரக் குருவிகள் இருந்த பேரினத்தில் உறவில்லாத பறவைகள் கலந்திருப்பதை மரபியல் காட்டியதால், 2018இல் அவற்றை அம்மோஸ்பிசா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள்.

நம் பக்கத்திலும் இதே பாடத்தைச் சரியான நேரத்தில் படித்த ஓர் உதாரணம் இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டுத் தரையில் வாழும் நீலநிறச் சோலைக்கிளிகள் (பெயரில்தான் கிளி, இவை சிறு பாடும் பறவைகள்) நெடுங்காலம் ஒரே சிற்றினத்தின் இரு துணைச் சிற்றினங்களாகவே எழுதப்பட்டு வந்தன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் அவை ஆழமாகப் பிரிந்திருப்பதை டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. 2017இல் சோலிகோலா என்று புதிய பேரினமே அமைந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கத்துப் பறவை தனிச் சிற்றினமாக அப்போதுதான் பெயர் பெற்றது. பறவைகள் உயிரோடு பாடிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் தெரியவந்தது.

இன்று இப்படி ஒரு சூழல் வந்தால்

முதலில், ஒரு கூட்டம் அழிநிலைப் பட்டியலில் ஏறும் நாளிலேயே அதையும் அதன் உறவுக் கூட்டங்கள் அனைத்தையும் சேர்த்துக் கிளைமரம் வரைய மாதிரி எடுக்க வேண்டும். இப்போது ஒரு இறகோ ஒரு சொட்டு ரத்தமோ போதும். பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. உட்கரு டி.என்.ஏ.வும் மைட்டோகாண்ட்ரியாவும் இரண்டும் பார்க்க வேண்டும், ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது.

அப்புறம், எண்ணும்போது ஆண், பெண் தனித்தனியாக எண்ண வேண்டும். பெண்ணைப் பார்ப்பது கடினம் என்றால் கூடுகளை எண்ண வேண்டும். 1968 முதல் 1975வரையான ஏழு ஆண்டுகளில் பெண் பறவைகளின் நிலை தெரிந்திருந்தால் பிடிக்கும் முடிவு முன்னாலேயே வந்திருக்கும்.

துணை தேட வேண்டிய கட்டாயம் வந்தால், தோற்ற ஒற்றுமையைக் கடைசியில் பார்க்க வேண்டும். முதலில் உறவு, அடுத்து வாழிடம். இதில் ஒரு நிபந்தனை சேர்க்க விரும்புகிறேன். தாய்வழி மரபு நிரந்தரம் என்பதால், கொண்டுவரும் கூட்டத்திலிருந்து பெண்ணை எடுக்கிறோமா ஆணை எடுக்கிறோமா என்பதை எழுத்தில் காரணத்தோடு பதிவுசெய்ய வேண்டும். டஸ்கி விஷயத்தில் வேறு வழி இல்லை. வேறு வழி இருக்கும் இடங்களில் அழியும் கூட்டத்தின் பெண்களையும் வெளிக்கூட்டத்தின் ஆண்களையும் சேர்ப்பதே மேல். தாய்வழி அப்படியே தங்கும்.

கலப்பு பற்றிய சட்ட விளக்கத்தை நெருக்கடிக்கு முன்பே தீர்த்து வைத்திருக்க வேண்டும். கூண்டில் நான்கு கிழட்டு ஆண்கள் இருக்கும்போது அதைப் பற்றி விவாதிக்க நேரம் கிடையாது. சதுப்பின் மடைகளைத் திறந்து புல் மறுபடி வளர விடுவதையும் அதே நாளில், அதே கோப்பில் தொடங்க வேண்டும்.